எண்பத்தாறு பேருக்குக் கோடு போட்டவர்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு மறதி இருக்கக் கூடாது. எனக்கு அது தாராளமாக இருந்தது. கோவில்பட்டியில் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா வேலை. வாரத்தில் ஆறு நாள் ஃபைல், ஞாயிற்றுக்கிழமை கதை. மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில், என் சம்சாரம் சுந்தரம்மாளின் பெயரைச் சுருக்கிப் புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதிவந்தேன். பெண் பெயரில் எழுதினால் பெண்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள் என்று ஒரு நப்பாசை. ஒரு பெரிய குடும்பம், மூன்று தலைமுறை, சொத்துச் சண்டை, நடுவில் நாலு காதல். பதினைந்து வாரத்தில் முடித்துவிடுகிறேன் என்று எழுபத்தேழில் ஆரம்பித்தது. எழுபத்தொன்பதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தோராவது வாரம் காந்திமதி என்று ஒரு அத்தையைச் சாகடித்தேன். நாற்பத்தேழாவது வாரம் அதே அத்தை கூடத்தில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். நானும் கவனிக்கவில்லை, பத்திரிகை ஆசிரியரும் கவனிக்கவில்லை. பத்து நாள் கழித்து பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு தபால் கார்டை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குண்டு குண்டான கையெழுத்து.

"மதிப்பிற்குரிய அம்மா, காந்திமதி அத்தை இறந்து பதினாறு வாரம் ஆகிறது. கருமாதியும் முடிந்துவிட்டது. தாங்கள் மறந்திருக்கலாம். மேலும், சங்கரபாண்டி கட்டப்போகும் பெண்ணின் தாயாரும் அவன் தாயாரும் அக்கா தங்கை என்று ஒன்பதாவது வாரம் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவள் அவனுக்குத் தங்கச்சி முறை. இந்தக் கல்யாணம் நடக்கலாகாது. இப்படிக்கு, கடற்கரை, எடை போடுபவர், ஜின்னிங் ஃபேக்டரி, கோவில்பட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் தணிந்து பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தால், மனுஷன் சொன்னது அத்தனையும் சரி. அதிலும் அந்தக் கல்யாணத்துக்கு நான் பந்தல்கால் நட்டு, சமையல்காரனுக்கு வெற்றிலை பாக்கு வரை கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம், பருத்தியில் கொட்டை நீக்கும் அந்த ஜின்னிங் ஃபேக்டரிக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில், புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியபடி, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர் நின்றிருந்தார். "அந்த அம்மா நான்தான்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை.

"போகட்டும். அந்தப் பொண்ணு அவனுக்குத் தங்கச்சில்லா வேணும்? எப்படிக் கட்டிவைக்கப் போறீய அண்ணாச்சி?" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். யார் மூத்தவர் என்று கடைசிவரை பார்க்கவில்லை.

கடற்கரை அண்ணாச்சிக்கு ஊர் இடைசெவல். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சம்சாரம் வேலுத்தாய். பிள்ளை கிடையாது. ஒன்றரைக் குறுக்கம் கரிசல் நிலம் இருந்தது. அதில் பருத்தியும் உளுந்தும் போட்டு, மிச்ச நாளில் வேலுத்தாய் அடுத்தவர் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போவாள். இவர் சைக்கிளில் ஃபேக்டரிக்கு வந்துபோவார். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லை. ஃபேக்டரி மேனேஜர் படித்துப் போட்டதை எடுத்துப்போய் விளக்கடியில் வாசிப்பார்.

வாசித்ததை அவரால் சும்மா விட முடியாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கே உள்ள குணம் இது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் ஊர் எது, யார் மகன், எந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறான் என்று கேட்டு, அவன் மாமனா மச்சானா என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த பேச்சு. அண்ணாச்சி அதையே அச்சில் வருகிற ஆட்களிடமும் செய்தார். ஞாயிறுதோறும் பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து, சுருட்டி வைத்திருந்த தாளை விரிப்பார். பழைய காலண்டர் தாள்களைப் பசை வைத்து ஒட்டி, அதன் முதுகில் போட்ட படம் அது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பெயர், ஊர், தகப்பன் பெயர். பெற்ற உறவுக்குச் சிவப்புக் கோடு, கட்டின உறவுக்கு நீலக் கோடு. கதையில் இருக்கிறவர்களுக்கே இன்னும் தெரியாத உறவாக இருந்தால் பென்சில் கோடு. உண்மை வெளியானதும் பென்சிலை அழித்துவிட்டு மையால் போடுவார். எழுபத்தொன்பது பொங்கலுக்கு அந்தத் தாளில் எண்பத்தாறு பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் மறந்தே போயிருந்தேன்.

"இதுல ரெண்டு சங்கரபாண்டி இருக்காவ, தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். "தாத்தா ஒருத்தர், பேரன் ஒருத்தன். நீங்க பன்னெண்டாவது வாரத்துல பேரன் செஞ்சதைத் தாத்தா தலையில கட்டிட்டீய. பேரை நம்பாதீங்க அண்ணாச்சி. நம்ம ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா நாலு கடற்கரை மேல விழும். ஊரு, தகப்பன், முறை மூணையும் கேட்டாத்தான் ஆளு ஆரு, எவருன்னு தெரியும்."

நான் தலையாட்டினேன். அவர் ஃபேக்டரியில் எடை பார்ப்பது போலத்தான் இதையும் பார்த்தார். முள் நடுவில் நிற்கும்வரை விட மாட்டார். எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். ஆனாலும் அவர் இல்லாமல் ஒரு அத்தியாயம்கூட என்னால் எழுத முடியாது என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். இதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, காரணம் பின்னால் வரும்.

அந்த வருஷம் மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பருத்தி எடுப்புக் காலம். பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். மூத்த சங்கரபாண்டியின் இரண்டாம் தாரம் ஊருக்குள் வருகிற அத்தியாயம். வந்தவள் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தோம். பத்தரை மணிக்கு அவர் ஊர்க்காரர் பரமசிவன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"கடற்கரை, உன் பொண்டாட்டிக்குப் பருத்திக் காட்டுல வயித்து வலி வந்துட்டு. சொர்ணத்தாய் பஸ்ல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கா. பயப்பட ஒண்ணுமில்லைன்னா. வந்து பாரு."

சொர்ணத்தாய் அண்ணாச்சியின் தம்பி மனைவி. அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயித்து வலிதானே அண்ணாச்சி, கூட ஆள் இருக்கு. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துட்டுப் போங்க, சாயங்காலத் தபாலுக்கு அத்தியாயம் போகணும்" என்றேன். அவர் வாசலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், உட்கார்ந்தார். அரைமணி நேரம். இரண்டாம் தாரத்துக்கு ஏழு கோடு போட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் நடந்தது எனக்குப் பிற்பாடு துண்டு துண்டாகத் தெரிந்தது. பதிவு செய்கிற ஜன்னலில் வேலுத்தாயை நிறுத்திப் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பொம்பளை புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள், வாய் திறக்கவில்லை. சரி, நீ சொல்லு என்று சொர்ணத்தாயைக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அவர் புருஷனுடைய அண்ணன். அவளும் சொல்லக் கூடாது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. "சரிம்மா, அப்பன் பேரையாவது சொல்லு" என்று கேட்டு, "வேலுத்தாய், தகப்பனார் தங்கச்சாமி, இடைசெவல்" என்று எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அன்று காலையில் அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வேலுத்தாயும் வந்திருந்தாள். பசுவந்தனைக்காரி, பாம்பு கடித்தவள். புருஷன் கூடவே வந்ததால் அவர் பெயரை அவரே சொல்லியிருந்தார். அவர் பெயரும் கடற்கரை. அவளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்லி, வண்டி கிளம்பிக் கால்மணி நேரம் ஆகியிருந்தபோது நம்ம அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்.

"கடற்கரை சம்சாரம், வேலுத்தாய்" என்று கேட்டார். அவர்கள் பதிவேட்டில் விரலை ஓட்டினார்கள். வேலுத்தாய், கணவர் கடற்கரை. விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. இவரும் எட்டிப் பார்த்தார். தன் பெயர் எழுதியிருந்தது. ஊர்ப் பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை.

"பாளையங்கோட்டைக்கு அனுப்பியாச்சே! சீக்கிரம் போங்க" என்றார்கள்.

ஓடிப்போய்த் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினார். அவர் நின்ற ஜன்னலுக்கும் வேலுத்தாய் படுத்திருந்த பெண்கள் வார்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

பாளையங்கோட்டையில் ஒவ்வொரு வார்டாகத் தேடி, ஒன்றரை மணி சுமாருக்கு வேலுத்தாயைக் கண்டுபிடித்தார். ஐம்பது வயதுக்காரி. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஆரு?" என்று பெரியவர் கேட்டார்.

"கடற்கரை."

"நானும் கடற்கரைதான். உக்காருங்க. என்ன, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? ஒரு டீ குடிக்குதீங்களா?"

அண்ணாச்சி உட்கார்ந்தாராம். டீயும் குடித்தாராம். "ஏன் குடிச்சேன்னு தெரியல அண்ணாச்சி. குடுத்தாவ, குடிச்சேன்" என்று என்னிடம் சொன்னார். அங்கிருந்து திரும்பப் பஸ் பிடித்துக் கோவில்பட்டியில் இறங்கும்போது மணி நாலரை. வேலுத்தாய் மூன்று மணிக்கே இறந்துவிட்டாள். வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து, அவள் இறந்த மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குச் சுருட்டிய தாளோடு வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வழக்கம்போலத் தாளை விரித்து, நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்து, "போன ரெண்டு வாரத்துல புதுசா ஆரு வந்திருக்கா?" என்று கேட்டார். அவர் வராத இரண்டு வாரமும் நான் யாரையும் புதிதாகக் கொண்டுவரவில்லை, பயம்.

அவர் அழவில்லை. சவத்தை எடுக்கும்போதும் அழவில்லை என்று ஊரில் பேச்சாக இருந்தது. கல்நெஞ்சுக்காரன், பொண்டாட்டி செத்த மூணாம் நாளே தராசுக்குப் போய்விட்டான் என்றார்கள். சுந்தரம்மாள் சோறு போட்டால் சாப்பிட்டார். குழம்பு ஊற்ற மறந்துபோனால் வெறும் சோற்றைச் சாப்பிட்டார். அந்த நாளில் நடந்ததை எடைச் சீட்டு வாசிக்கிற குரலில் என்னிடம் சொன்னார். பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தாராம்.

"நான் பார்த்த வரிக்கு நாலு வரி கீழ இருக்கா அண்ணாச்சி. தங்கச்சாமி, இடைசெவல்னு தெளிவாத்தான் எழுதியிருக்காவ."

"உங்க மேல தப்பில்லை அண்ணாச்சி."

"தப்பு ஆரு மேலயும் இல்ல. அவ பேரைச் சொல்ல மாட்டா. அது அவ குணம்."

இதைச் சொல்லிவிட்டுச் சிவப்பு மையைத் தொட்டு அடுத்த கோட்டைப் போட்டார். கோடு நேராக விழுந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருமாதி வீட்டிலேயே சொர்ணத்தாய் என் சம்சாரத்தைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள். சுந்தரம்மாள் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அண்ணாச்சியின் ஆயுசை நினைத்துச் சொர்ணத்தாய் மறைத்தாள். நான் மறைத்தது எனக்காக. அதைச் சொன்னால் அந்த அரைமணி நேரமும் சேர்ந்து வெளியே வரும். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஞாயிறுதோறும் பேச்சைக் கதைப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

ஆடி மாதம் அண்ணாச்சி முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டார். அதுவரை அவர் பிழை சொல்வார், கதை சொல்ல மாட்டார்.

"சின்ன சங்கரபாண்டிக்குப் பொண்ணை மாத்திக் கட்டிவச்சீயளே, அந்தச் சம்சாரத்துக்கு உடம்புக்கு முடியலன்னு எழுதியிருக்கீயல்லா? அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. அங்கன புருசன் பேரைக் கேப்பாவ. அவ சொல்லட்டும்."

"சொல்லட்டுமா?"

"ஆமா. கதைதானே. சொல்லட்டும்."

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் ஃபைலைத் தொடவில்லை. நான் எழுதியதில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் ஜன்னலில் நிற்கிறாள். பெயர் கேட்கிறார்கள். தலையை நிமிர்த்தி, "சங்கரபாண்டி" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வரிகூட வளர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாளை அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்த ஒரு வரியின் மேல் குறுக்கே கோடு போட்டார்.

"தப்பு அண்ணாச்சி. இவ கட்டின நாள்லேருந்து அவனை 'அவிய'ன்னுதான் சொல்லியிருக்கா. அறுபத்திரண்டாவது வாரம் பாருங்க, எண்பதாவது வாரம் பாருங்க. திடீர்னு எப்படிச் சொல்லுவா? நான் கேட்டது என் ஆசைக்கு. ஆளு அப்படி இல்ல. செத்தாலும் சொல்ல மாட்டா."

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அடித்த வரிக்கு மேலே, 'அவள் தலைகுனிந்து நின்றாள்' என்று எழுதினார். அதே குண்டு கையெழுத்து. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சத்தியமாவது ஆயுசாவது.

"வேலுத்தாய் சொன்னா அண்ணாச்சி" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வார்டுல வச்சுச் சொல்லியிருக்கா. சொர்ணத்தாய் கூட இருந்திருக்கா. ஒரு மணி இருக்குமாம். அவிய வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. யாரு அவிய, பேரைச் சொன்னாத்தானே கூப்பிட முடியும்னு நர்ஸ் கேட்டிருக்கு. சொல்லிட்டா. உங்க ஆயுசுக்கு ஆகாதுன்னு சொர்ணத்தாய் வாயைப் பொத்தப் போயிருக்கா. கையைத் தட்டிவிட்டுட்டுச் சொல்லியிருக்கா. ஆள் போய் வராந்தாவுல நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க அப்போ பஸ்ல போய்க்கிட்டிருக்கீங்க. இங்க நான் அரைமணி நேரம் பிடிச்சு வைக்காம இருந்திருந்தா, நீங்க…"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"எத்தனை தடவை?" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"எத்தனை தடவை சொன்னா?"

"மூணு தடவைன்னு சொன்னா சொர்ணத்தாய்."

"சத்தமாவா?"

"முதல் தடவை மெதுவா. மூணாவது தடவை வார்டே திரும்பிப் பார்த்ததாம்."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கையிலிருந்த பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த சுந்தரம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"கல்யாணம் கட்டி இருபத்தோரு வருசம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஒரு தடவைகூட அவ வாயால என் பேரைக் கேட்டதில்ல. சொன்ன அன்னைக்கு நான் அங்கன இல்லையே அண்ணாச்சி."